மரச்செக்கு எண்ணெய் லேபிளுக்குத் தேய்ந்த தடித்த எழுத்து: எதைச் சிதைக்கலாம், எதைத் தொடக்கூடாது?

பென்சில்முனை (ஈரோடு), ஞாயிறு காலை 10.12

அனைவருக்கும் வணக்கம். என் பெரியம்மா மகன் மரச்செக்கு வைத்திருக்கிறான். ஒரு லிட்டர் போத்தலுக்கு லேபிள் செய்து தரச் சொன்னான். "பழைய காலத்து நோட்டீஸ் மாதிரி இருக்க வேண்டும், எழுத்து கொழுகொழுவென்று, கொஞ்சம் தேய்ந்தும் இருக்க வேண்டும்" என்பது அவன் கேட்டது.

ஆங்கிலத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. சென்ற ஆண்டு காசு கொடுத்து ஒரு ரெட்ரோ எழுத்துருத் தொகுப்பு வாங்கியிருந்தேன். குத்துச்சண்டைச் சுவரொட்டிகளில் வருவது போன்ற தடித்த எழுத்துகள். ஓரம் அரித்து, நடுவில் மை விட்டுப் போய், பார்க்கவே நன்றாக இருக்கும். தமிழில் தேடினேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பலூ தம்பி எழுத்துருவை எடுத்து, அதன்மேல் ஃபோட்டோஷாப்பில் தூசித் துகள் படம் ஒன்றை, துகள் விழும் இடத்தில் எழுத்து மறையும்படி மறைப்பாகப் போட்டேன்.

படத்தை இணைத்திருக்கிறேன். "மரச்செக்கு கடலை எண்ணெய்" என்பதில் நான்கு புள்ளிகள் இருக்க வேண்டும். இரண்டுதான் மிஞ்சின. "எணணெய்" என்று நிற்கிறது. பெரியம்மா பார்த்துவிட்டு, "லேபிள் மழையில் நனைந்துவிட்டதா?" என்று கேட்டார். அதோடு தூக்கமும் போயிற்று.

தமிழுக்கென்றே இப்படி ஓர் எழுத்துரு இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

வல்லினம்மிகும், ஞாயிறு காலை 10.31

முதலில் "மரச்செக்குக் கடலை எண்ணெய்" என்று திருத்துங்கள். க் மிகும். உங்களுக்கு இப்போது ஐந்து புள்ளிகளைக் காப்பாற்றும் வேலை.

ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். அந்த வகையில் உங்கள் லேபிள் சுவடி மரபைச் சேர்ந்தது என்று பெரியம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

நுண்கோடு, ஞாயிறு பகல் 12.05

பலூ தம்பியைத் தேர்ந்ததில்தான் முதல் சறுக்கல். நல்ல எழுத்துரு, குறை சொல்லவில்லை. ஆனால் அதன் உடம்பு பலூன் ஊதியது போன்றது. முனையெல்லாம் உருண்டை, கோட்டுக்குக் கோடு தடிப்பில் பெரிய வேறுபாடு கிடையாது. அதன்மேல் எவ்வளவு தூசி போட்டாலும் புது பொம்மையை மண்ணில் புரட்டியது போலத்தான் தெரியும். பழைய அச்சகங்களின் ஈய எழுத்திலும் மர எழுத்திலும் நாம் பார்த்துப் பழகிய தமிழுக்குத் தடித்த இடம், மெலிந்த இடம் என்ற ஏற்ற இறக்கம் உண்டு. அதற்கு நோட்டோ செரிஃப் தமிழ் குடும்பத்தின் மிகத் தடித்த எடை (எழுத்துக் கோட்டின் தடிப்பு) அருகில் வரும். இடம் குறுகலாக இருந்தால் அனெக் தமிழைப் பாருங்கள். எடையையும் அகலத்தையும் தனித்தனியாக நகர்த்திக்கொள்ளலாம். இரண்டுமே திறந்த உரிமத்தில் வருபவை. வெட்டி ஒட்டி உங்கள் விருப்பப்படி மாற்றலாம். மாற்றியதை எழுத்துருவாக வெளியிடுவதானால் மட்டும் உரிமத்தைப் படித்துக்கொள்ளுங்கள். பெயரைப் பற்றி அதில் நிபந்தனை இருக்கலாம்.

இரண்டாவது, உங்கள் ஆங்கிலத் தொகுப்பையே உற்றுப் பாருங்கள். ஒரே சொல்லில் ஓர் எழுத்து இரண்டு முறை வரும்போது, இரண்டிலும் அதே இடத்தில் அதே கீறல் இருக்கும். கண் அதைச் சட்டென்று பிடித்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பழமையை யாரும் நம்ப மாட்டார்கள். நல்ல எழுத்துருக்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு மூன்று மாற்று வடிவங்கள் வைத்து, அடுத்தடுத்து வரும்போது தானாக மாறும்படி விதி எழுதியிருப்பார்கள். 1991-இல் எரிக் வான் ப்ளோக்லாண்ட் என்ற டச்சு வடிவமைப்பாளர் ஒரு தட்டச்சுப் பொறியின் அழுக்கு எழுத்தையே டிரிக்ஸி என்று எழுத்துருவாக்கினார். கணினியில் சிதைந்த எழுத்து என்ற மோகத்தைப் பரப்பியவற்றில் அது முக்கியமானது. பிற்காலத்தில் அதன் புதிய பதிப்பிலும் ஓர் எழுத்துக்குப் பல வடிவங்கள் சேர்க்க வேண்டி வந்தது.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். உங்கள் சொற்றொடரையே எண்ணுங்கள். "செக்குக்" என்பதில் க் இரண்டு. "எண்ணெய்" என்பதில் ண இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. இரட்டிப்பு நம் மொழியின் இயல்பு. ஒரே கீறல் இரண்டு ண-விலும் இருந்தால் ஐந்து வயதுக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்று, சிதைவு என்பது கணினி பிறந்த பிறகு வந்த ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். கேஸ்லன் ஆன்டிக் என்ற எழுத்து 1890-களில் சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் வார்ப்பகத்தில் வந்தது. புத்தம் புதிய ஈயத்திலேயே ஓரத்தை அரித்தாற்போல் வார்த்தார்கள். முதலில் அதற்குப் "பதினைந்தாம் நூற்றாண்டு" என்று பெயர். பிறகுதான் கேஸ்லன் பெயரை ஒட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்து வார்ப்பாளர் வில்லியம் கேஸ்லனின் எழுத்துக்கும் அதற்கும் உறவே கிடையாது. பழமைப் பூச்சு வியாபாரத்துக்கு வயது நூற்றுக்கு மேல்.

மணிமேடை, ஞாயிறு பகல் 12.40

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உங்கள் ஆங்கிலத் தொகுப்பு எந்த ஊர்ப் பழமை என்று யோசித்தீர்களா? எழுத்தின் அடியில் நிற்கும் அந்தப் பட்டைக் காலும் குத்துச்சண்டைக் களையும் அமெரிக்காவின் மர எழுத்து. 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்தை இயந்திரத்தால் பெருமளவில் வெட்டத் தொடங்கினார். 1834-இல் லெவன்வொர்த் என்பவர் அதோடு பாண்டோகிராஃப் கருவியைச் சேர்த்தார். ஓர் அச்சுருவை வரைந்தால் போதும், அதே எழுத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ வெட்டிக்கொள்ளலாம். சர்க்கஸ், நாடகம், ஏலம், தேடப்படும் குற்றவாளி என்று சுவரொட்டிக் காடே முளைத்தது. 1880-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் ஊரில் ஹாமில்டன் என்பவர் மர எழுத்துத் தொழிற்கூடம் தொடங்கினார். இன்று அந்த ஊரில் அதன் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

அதெல்லாம் அருமையான சரக்கு. ஆனால் செக்கைச் சுற்றுவது மாடு, குதிரை அல்ல. ஈரோட்டுக் கடலை எண்ணெய்க்கு எதற்குக் கௌபாய் தொப்பி?

பென்சில்முனை, ஞாயிறு பகல் 1.15

நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. நம் ஊர்ப் பழமை எப்படி இருக்கும்? நான் பிறந்தபோதே ஆஃப்செட் அச்சு வந்துவிட்டது. மர எழுத்தில் அச்சடித்த ஒரு நோட்டீஸைக்கூட நான் கையில் தொட்டதில்லை.

ஈயப்பெட்டி, ஞாயிறு இரவு 9.48

தம்பி, நான் தொட்டிருக்கிறேன். என் அப்பா டிரெடில் (காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம்) வைத்திருந்தார். பள்ளி விட்டதும் எனக்கு அங்கேதான் வேலை. அச்சான எழுத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பிரித்து, கேஸில் (எழுத்துகளை வகைபிரித்து வைக்கும் தட்டில்) போட வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கு ஈயம், நாடக நோட்டீஸுக்கும் சுவரொட்டிக்கும் மரம். பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனம் தாங்காது, விலையும் கட்டாது.

நீங்கள் இணைத்த படத்தைப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தூசி. எந்த அச்சகத்திலும் எழுத்து அப்படித் தேய்ந்து நான் கண்டதில்லை. தேய்மானத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

பெரிய மர எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உருளை மை தடவும்போது அகலமான இடத்தின் நடுவில் மை போதாது. அங்கே உப்புத் தூவியது போல வெள்ளை வெள்ளையாக நிற்கும். ஓரத்தில் நேர்மாறாக நடக்கும். அழுத்தம் விழுந்ததும் மை பிதுங்கி விளிம்புக்கு வந்துவிடும், அதனால் எழுத்தைச் சுற்றி அடர்த்தியாக ஒரு கரை விழும். நடு வெளுப்பு, கரை கறுப்பு. உங்கள் படத்தில் கரையிலிருந்துதான் தின்றிருக்கிறது. கரையான் அரித்தது போல இருக்கிறது, அச்சடித்தது போல இல்லை.

ஓரம் உடைவதும் உண்டு. அது மூலையில் உடையும். எழுத்தைத் தூக்குவது, கேஸில் போடுவது, கட்டுவது என்று எல்லா இடியும் மூலைக்குத்தான். ல-வின் வால் நுனி, ர-வின் கால் நுனி, இவை மழுங்கும். வளைவின் உட்புறம் மழுங்கவே மழுங்காது, அங்கே எதுவும் இடிக்காது. ஆனால் துடைக்காமல் விட்ட மை காய்ந்து உட்புறத்தை அடைத்துக்கொள்ளும். ண-வின் சுழிகளில் முதலில் அடைவது உள்சுழி. அப்பா பழைய ஊசியால் குத்தி எடுப்பார்.

இப்போது புள்ளிக்கு வருகிறேன். ம-வின் அடிக்கோடு நீளமாக இருப்பதால் அழுத்தத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். புள்ளி தனியாக நிற்பது. அதன் தலையில் விழும் அழுத்தத்தைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் அது தாளுக்குள் ஆழமாகப் பதியும். மையும் கறுப்பாக விழும். அச்சான தாளைத் திருப்பிப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள், வரியில் எத்தனை மெய்யெழுத்து என்று எண்ணிச் சொல்லிவிடலாம். நாங்கள் பந்தயம் வைத்து விளையாடியிருக்கிறோம். உங்கள் கணினி முதலில் விழுங்கிய புள்ளிதான் எங்கள் அச்சில் கடைசிவரை நின்றது.

நுண்கோடு, ஞாயிறு இரவு 10.20

ஐயா, இது பெரிய செய்தி. காரணம் இப்போது புரிகிறது. தூசி அமைப்புக்கு எழுத்து தெரியாது. பரப்பளவு மட்டும்தான் தெரியும். பெரிய இடத்தில் பத்துத் துகள் விழுந்தால் கோடு பிழைத்துக்கொள்ளும். புள்ளியின் மேல் ஒரே துகள் விழுந்தாலும் புள்ளி காலி. ரோமன் எழுத்துக்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ஆங்கிலச் சிறிய i-யின் மேலுள்ள புள்ளி போனாலும் சொல் மாறாது, தலைப்பில் பெரும்பாலும் பெரிய எழுத்துதான் போடுவார்கள், அதில் புள்ளியே கிடையாது.

பென்சில்முனை, செய்ய வேண்டியது இதுதான். புள்ளிகளைத் தனி அடுக்கில் பிரியுங்கள். அவற்றின் மேல் மறைப்பு விழக்கூடாது. பத்தில் ஒரு பங்கு பெரிதாக்கினாலும் தவறில்லை, பிதுங்கிய மை போலவே தெரியும். எழுத்தின் உடம்பை உள்பக்கமாகச் சுருக்கி இன்னொரு வடிவம் எடுத்து, அந்த உள்வடிவத்துக்கு மட்டும் வெளுப்புக் கொடுங்கள். ஐயா சொன்ன கறுப்புக் கரை தானாகக் கிடைக்கும்.

சாயக்கை (திருப்பூர்), திங்கள் காலை 7.30

அச்சடிப்பவன் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. திரையில் அழகாகத் தெரியும் பொடித்துகள் அச்சில் நிற்காது. எங்கள் வேலை துணியில், ஸ்கிரீன் அச்சு. அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த வெள்ளைப் புள்ளியை மை மூடிவிடும். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கறுப்புப் புள்ளி ஃபிலிமில் இருக்கும், திரையைக் கழுவும்போது துளையாகத் திறக்காமலே போய்விடும். பெரிய பெரிய சிதைவாக நான்கு இருந்தால் போதும், பொடி நானூறு வேண்டாம். கோப்பும் கனக்காது. ஒருவர் அனுப்பிய தேய்ந்த எழுத்தை வெட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்தோம். ஒவ்வொரு துகளுக்கும் கத்தி இறங்கி ஏறி, ஒரு சொல்லுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு அந்தத் துகளையெல்லாம் ஊசியால் பொறுக்கியது யார் என்று கேட்காதீர்கள்.

இன்னொரு சூடு பட்ட கதை. 300 பனியன் ஆர்டர். நெஞ்சில் தடித்த தேய்ந்த எழுத்து. வடிவமைத்தவர் கொடுத்தபடியே அடித்து அனுப்பினோம். வாங்கியவர் பெட்டியைப் பிரித்ததும் தொலைபேசியில் கத்தினார்: "மை ஒட்டவே இல்லை, எல்லாம் உதிர்ந்திருக்கிறது." அது வடிவமைப்பு என்று விளக்க அரை நாள் ஆனது. அவர் பார்த்து ஒப்புக்கொண்டதோ கைப்பேசியில் வந்த சிறு படம், அதில் தேய்மானமே தெரியாது. அன்றிலிருந்து உண்மை அளவில் ஒரு துண்டு அடித்துக் காட்டி, அதன்மேல் கையெழுத்து வாங்காமல் திரையைத் தொடுவதில்லை. சிதைவு வேண்டுமென்றே செய்ததாகத் தெரிய வேண்டும். அரைகுறையாகச் செய்தால் பிழையாகத்தான் தெரியும்.

மணிமேடை, திங்கள் காலை 8.02

சாயக்கை சொன்ன சிறு படம் இங்கேயும் பொருந்தும். எண்ணெயை இணையத்தில் விற்பதானால் வாங்குபவர் பார்ப்பது கட்டைவிரல் நக அளவுப் படம். அந்த அளவில் தேய்மானம் அழுக்காகத் தெரியும். சாப்பிடும் பொருளின் மேல் அழுக்கு! அதற்கென்று தேய்க்காத வடிவம் ஒன்று தனியாக வையுங்கள்.

பெயர் மட்டும் தேயட்டும். உட்பொருள், நிகர அளவு, தயாரித்த தேதி, உரிம எண் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் லேபிள் விதிப்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழ் கூடுதலாக வரலாம். அதையும் மறந்துவிடாதீர்கள்.

பழையலை, திங்கள் பகல் 11.26

எல்லோரும் அழுக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். தமிழில் பழமையைக் காட்ட அழுக்கே வேண்டியதில்லை. என் பெயரைப் பாருங்கள்.

"கடலை" என்பதில் லை இருக்கிறது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருமுன் அந்த லை இப்படி எழுதப்படவில்லை. ல-வின் தலையில் யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி ஏறியிருக்கும். ணை, லை, ளை, னை நான்குக்கும் அப்படி. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை ஆகியவற்றுக்கும் தனி வடிவங்கள். மொத்தம் 13 எழுத்துகள் மாறின. பெரியார் 1935-லேயே குடி அரசில் புதிய வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். ஆனால் ஊர்ச் சுவர்களிலும் கடைப் பலகைகளிலும் பழையது வெகுகாலம் தங்கியிருந்தது.

ஒரே ஒரு தும்பிக்கை லை போடுங்கள். எழுத்து புத்தம் புதிதாகப் பளபளத்தாலும் பார்ப்பவர் மனம் தானாக ஐம்பது ஆண்டு பின்னால் போகும். யூனிகோடில் இரண்டுக்கும் குறியீடு ஒன்றேதான், உருவம் எழுத்துருவின் கையில் இருக்கிறது. உங்கள் எழுத்துருவில் இல்லையென்றால் வரைந்துகொள்ளுங்கள். ஓர் எழுத்துத்தானே.

நுண்கோடு, திங்கள் பகல் 11.50

யோசனை அருமை. ஒரு தயக்கம் மட்டும். இருபது வயதுக்காரருக்கு அந்த லை படிக்கத் தெரியுமா? படிக்கத் தெரியாத எழுத்தை லேபிளில் போடுவது அழகுக்காகச் செய்யும் கொடுமை.

பழையலை, திங்கள் பகல் 12.10

"கட" என்று தொடங்கி, பக்கத்தில் "எண்ணெய்" என்று இருந்து, கீழே நிலக்கடலைப் படமும் போட்டால் யாரும் "கடலூர்" என்று படிக்கப் போவதில்லை. சொல்லே எழுத்தைக் கற்றுக்கொடுத்துவிடும். முன்பின் தெரியாத ஊர்ப்பெயரிலோ ஆள்பெயரிலோ போட்டால்தான் தவறு.

பென்சில்முனை, திங்கள் இரவு 8.44

அக்காள் மகனிடம் வரைந்து காட்டினேன். ஏழாம் வகுப்பு. தடுக்காமல் "கடலை" என்று படித்தான். படித்துவிட்டு, "மாமா, அந்த ல-வுக்கு ஏன் தும்பிக்கை?" என்று கேட்டான். போட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஈயப்பெட்டி ஐயாவுக்கு ஒரு கேள்வி. நுண்கோடு சொன்னபடி அடுக்குப் பிரித்துச் செய்து பார்த்தேன், முன்னைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் கணினி வாடை போகவில்லை. கையாலேயே அச்சடித்துப் பார்க்க வழி உண்டா? மரம் செதுக்கும் அளவுக்குக் கை வராது.

ஈயப்பெட்டி, செவ்வாய் காலை 6.15

மரம் வேண்டாம். லினோலியத் தகடு வாங்குங்கள், கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். எழுத்தை லேசர் அச்சில் நேராகவே எடுத்து, கவிழ்த்துத் தகட்டில் வைத்து, பின்பக்கம் தின்னர் தொட்ட பஞ்சால் ஒற்றினால் மை தகட்டில் இறங்கும். அங்கே இடம் வலம் மாறித் தெரியும், அச்சில் நேராக வந்துவிடும். எழுத்தைச் சுற்றி வெட்டும்போது கத்தியின் நுனி எழுத்துக்கு வெளிப்பக்கம் போகும்படி சாய்த்துப் பிடியுங்கள், அடி அகலமாக நிற்கும். நேராக வெட்டினால் புள்ளி ஒடிந்துவிடும். மையை உருளையில் மெல்லியதாகத் தடவுங்கள். முதல் பத்துத் தாளைத் தூக்கிப் போடுங்கள், பதினொன்றிலிருந்து பாருங்கள்.

தேய்க்கவே தேய்க்காதீர்கள். அச்சு தானாகச் செய்வதைச் செய்யட்டும்.

பென்சில்முனை, சனி மாலை 5.30

செய்துவிட்டேன். படங்கள் இணைப்பில்.

நோட்டோ செரிஃப் தமிழின் தடித்த எடையை அடிப்படையாக வைத்து, லை-யை மட்டும் நானே வரைந்தேன். எழுத்துயரம் 18 மில்லிமீட்டர். லேபிளில் வரும் அளவிலேயே செதுக்கினேன், பெரிதாகச் செதுக்கிச் சுருக்கினால் துகளெல்லாம் பொடியாகிவிடும் என்று சாயக்கை சொன்னதிலிருந்து புரிந்தது. அழுத்துவதற்கு அம்மாவின் சப்பாத்திக் கட்டை. மொத்தம் 34 தாள் அடித்தேன். 19-ஆம் தாளும் 23-ஆம் தாளும் நன்றாக வந்தன. இரண்டையும் அங்குலத்துக்கு 1200 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, ஒன்றிலிருந்து முதல் ண், மற்றதிலிருந்து இரண்டாவது ண எடுத்து ஒட்டினேன். இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

ஐயா சொன்ன கறுப்புக் கரை அப்படியே விழுந்திருக்கிறது. ம-வின் நடுவில் உப்புத் தூவல். புள்ளிகள் ஐந்தும் இருக்கின்றன, தாளின் பின்னால் தடவினால் கைக்குத் தட்டுப்படுகின்றன. பெரியம்மா இந்த முறை மழையைப் பற்றிக் கேட்கவில்லை. லை-யைப் பார்த்ததும், "என் கல்யாணப் பத்திரிகையில் இப்படித்தான் இருந்தது" என்றார்.

ஒரு குளறுபடி. ய்-யின் புள்ளி 12-ஆம் தாளிலேயே ஒடிந்துவிட்டது. கத்தியை நேராகப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. பசை போட்டு ஒட்டியதில் அது கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்து, மற்றவற்றைவிட உயரமாக நிற்கிறது. அச்சில் குண்டாக விழுகிறது. கணினியில் சரி செய்துவிடவா?

ஈயப்பெட்டி, சனி இரவு 9.05

விட்டுவிடுங்கள். எங்கள் அச்சகத்தில் மர எழுத்தின் புள்ளி ஒடிந்தால் அப்பா அந்த இடத்தில் ஓர் ஆணி அடிப்பார். தலையை அரத்தால் மட்டமாக ராவி விடுவார். ஊரில் எந்தச் சுவரொட்டியைப் பார்த்தாலும், ம்-இன் புள்ளி அளவுக்கு மீறி வட்டமாக இருந்தால் அது எங்கள் அச்சகத்தில் அடித்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.